பாறை ஓவியத்தையும் அதன் மேல் உள்ள கிறுக்கலையும் பிரித்துக் காட்டும் டீஸ்ட்ரெட்ச்: பயன்படுத்துபவரின் மதிப்பீடு

பாறை ஓவியத்தின் மேல் யாரோ பெயர் எழுதிவிட்டார்கள் என்று தகவல் வந்தால் நான் எடுத்து வைப்பவை கேமரா, முக்காலி, பத்து சென்டிமீட்டர் நிற அளவுகோல், அப்புறம் டீஸ்ட்ரெட்ச் ஏற்றிய மடிக்கணினி. பாறை ஓவியங்களை ஆவணப்படுத்தும் ஒரு தன்னார்வக் குழுவுக்குப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்துத் தருகிறேன். ஆரம்பத்தில் புது ஓவியங்களைத் தேடிப் பதிவு செய்வதுதான் வேலை. இப்போது பாதி வேலை, தெரிந்த ஓவியத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான். அந்தக் கணக்கெடுப்புக்கு நான் நம்பியிருப்பது இந்த மென்பொருளைத்தான். இதைப் பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் "மங்கிய ஓவியம் பளிச்சென்று தெரியும்" என்பதோடு நின்றுவிடுகின்றன. கிறுக்கப்பட்ட ஓவியத்தில் இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. அதனால் இந்தப் பதிவு.

டீஸ்ட்ரெட்சை எழுதியவர் ஜான் ஹார்மன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். 2005இல் இதை வெளியிட்டார். தனி மென்பொருள் இல்லை. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளுக்குள் செருகி இயக்கும் பிளக்இன். இமேஜ்ஜே உயிரியல், மருத்துவப் படங்களை அளப்பதற்காக அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் உருவானது. டீஸ்ட்ரெட்சுக்குள் இருக்கும் கணக்கோ, செயற்கைக்கோள் படங்களில் நிலத்தின் வகைகளைப் பிரித்தறிய நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் பயன்பட்டது. செவ்வாய்க்குப் போன ரோவர்கள் அனுப்பிய படங்களிலும் அதே முறையைக் கையாண்டிருக்கிறார்கள். ஹார்மன் அதைப் பாறை ஓவியத்தின் பக்கம் திருப்பினார்.

வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு பாறைப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று மதிப்புகளும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். வெயில் பட்ட இடத்தில் மூன்றும் கூடும், நிழலில் மூன்றும் குறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் செங்காவியின் லேசான சிவப்பு அமுங்கிப்போகிறது. மென்பொருள் இந்த மூன்றுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு அறுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் சின்ன நிற வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்கித் தருகிறது. திரையில் வருவது நிஜமான நிறம் கிடையாது. செங்காவி ரத்தச் சிவப்பாகத் தெரியும், பாறை பச்சையாகவோ நீலமாகவோ மாறும். எந்த நிறவெளியில், அதாவது நிறங்களை எண்களாகக் குறிக்கும் எந்த முறையில், இந்த இழுப்பு நடக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத்தான் மென்பொருளில் ஒரு பொத்தான் வரிசை இருக்கிறது. ஒய்ஆர்இ, எல்ஆர்இ, சிஆர்ஜிபி மூன்றும் சிவப்புக்கு நல்லவை. மஞ்சள் காவிக்கு ஒய்டிஎஸ், எல்டிஎஸ். கறுப்புக்கும் நீலத்துக்கும் ஒய்பிகே. வெள்ளைக்கு ஒய்டபிள்யூஇ போட்டுப் பார்க்கலாம், ஆனால் வெள்ளையிலும் கரியிலும் இழுப்பதற்கான நிறமே குறைவு என்பதால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கிறுக்கல் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பதிவு செய்த ஒரு பாறைமுகத்தையே எடுத்துக்கொள்கிறேன். செங்காவியில் வரைந்த மான் வரிசை, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அதன் மேல் வெள்ளை எனாமல் பெயிண்டில் இரண்டு பெயர்கள், நடுவில் அம்பு துளைத்த இதயம், பக்கத்தில் நீல ஸ்பிரேயில் ஒரு பெரிய எழுத்து, கீழே கரித்துண்டால் எழுதிய தேதி. வெறும் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு மானின் முதுகும், இன்னொன்றின் கொம்பு நுனியும் மட்டும்.

முழுப் படத்தையும் எல்டிஎஸ்ஸில் போட்டால் ஒன்றும் கிடைக்காது. பாறையில் இயற்கையாக இல்லாத அந்த நீலம், கணக்கு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நீலம் மட்டும் ஜொலிக்கும், காவி இன்னும் அமுங்கும். இங்கேதான் பலரும் "இந்தப் படத்துக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். இமேஜ்ஜேயின் தேர்வுக் கருவியால் ஸ்பிரே படாத பகுதியில் ஒரு கட்டம் வரைந்துவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்த வேண்டும். கணக்கு அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் பாறையையும் காவியையும் மட்டும் வைத்து நடக்கும். அப்படிச் செய்ததும் எழுத்துகளின் இடைவெளிகளில் கால்கள் வந்தன. வயிற்றுக் கோடு வந்தது. நாங்கள் கறை என்று நினைத்த ஒன்று, குட்டி மான்.

கரியில் எழுதிய தேதியை நெருங்கிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பாறை சொரசொரப்பானது. கரித்துண்டு மேடான மணிகளில் மட்டும்தான் உரசிப் போயிருக்கிறது. மணிகளுக்கு இடையில் உள்ள பள்ளங்களில் காவி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒய்ஆர்இ படத்தைப் பெரிதாக்கினால் கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள். அதாவது அந்த எழுத்தைத் துணியால் தேய்த்தால் கரித்தூள் பள்ளத்துக்குள் இறங்கும், காவி துணியோடு வெளியே வரும். இந்த ஒரு படத்தைக் காட்டித்தான், "நாங்களே கழுவிவிடுகிறோம்" என்று வந்தவர்களைத் தடுக்க முடிந்தது. எனக்கு டீஸ்ட்ரெட்சின் பெரிய பயன் இதுதான். அழகான படத்தை விட, ஓவியம் இன்னும் அங்கே இருக்கிறது என்ற சாட்சி.

இதயத்தைத் துளைத்த அம்பு சிவப்பு பெயிண்டில் இருந்தது. வெறும் கண்ணில் அதுவும் காவியும் ஒரே சிவப்பு. எல்டிஎஸ்ஸில் இரண்டும் வேறு வேறு நிறமாகப் பிரிந்து நின்றன. இரும்பு ஆக்சைடும் கடையில் வாங்கிய பெயிண்டும் ஒளியை ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதில்லை, அந்த வித்தியாசத்தைத்தான் இது பெரிதாக்குகிறது. பழைய கோட்டின் மேல் "தெளிவாகத் தெரியட்டும்" என்று யாராவது புதிதாக வரைந்திருந்தாலும் பல சமயம் இதே வழியில் பிடித்துவிடலாம். ஆனால் நிறம் பிரிந்தது என்பதை மட்டும் வைத்து எது பழையது, எது புதியது என்று தீர்ப்பு சொல்லக் கூடாது. அதற்கு நிறமிப் பகுப்பாய்வு வேண்டும்.

இனி இதனால் ஆகாதவை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "எக்ஸ்ரே மாதிரி உள்ளே பார்க்கும்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. கேமரா பார்க்காத எதையும் இந்த மென்பொருள் பார்க்காது. எனாமல் பெயிண்ட் கெட்டியாக மூடிய இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று இது சொல்ல முடியாது. ஸ்பிரேயின் ஓரத்தில் மெல்லிய துளிகளாகத் தெறித்த பகுதி, சாக்பீஸ் தூசி, லேசான புகைப் படலம் இவற்றின் வழியே கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். லிபியாவின் தத்ரார்த் அகாக்கஸ் மலையில், 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஓவியங்களின் மேல், 2009இல் ஒருவர் ஸ்பிரே பெயிண்ட் அடித்து நாசம் செய்தார். அது போன்ற கெட்டிப் பூச்சுக்கு வேதிப்பொருள் தெரிந்த பாதுகாப்பு வல்லுநர்தான் பதில். எங்களைப் போன்ற படம் எடுப்பவர்கள் செய்யக்கூடியது, அவர் கை வைப்பதற்கு முன் இருந்த நிலையைப் பதிந்து கொடுப்பது மட்டுமே.

செதுக்கல்களுக்கும் பெரும்பாலும் இது உதவாது. நிறம் இருந்தால்தானே பிரிக்க முடியும். ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியில் கூனால்டா என்ற சுண்ணாம்புக் குகை இருக்கிறது. மென்மையான சுவரில் விரலால் இழுத்த கோடுகள், சுமார் 22,000 ஆண்டு பழையவை, அங்குள்ள மிர்னிங் பழங்குடி மக்களுக்குப் புனிதமானவை. 2022இல் யாரோ வேலிக்கு அடியில் நுழைந்து அந்தச் சுவரிலேயே எழுத்துகளைக் கீறிவிட்டுப் போனார்கள். அந்தச் சுவரில் துடைத்து எடுப்பதற்குப் பெயிண்ட் எதுவும் இல்லை, கீறியது கீறியதுதான். அமெரிக்காவின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் 2021 டிசம்பர் 26 அன்று பழைய பாறைச் செதுக்கல்களின் குறுக்கே பெயர்களையும் அன்றைய தேதியையும் கீறிய சம்பவமும் இதே வகை. இப்படிப்பட்ட இடங்களுக்கு, பல கோணங்களில் ஒளி பாய்ச்சி எடுக்கும் ஆர்டிஐ முறையோ முப்பரிமாணப் பதிவோதான் சரி. அதுவும் சேதத்துக்கு முன்பே ஒருமுறை எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஓவியத்தின் மேல் ஆணியால் கீறியிருந்தால் மட்டும் டீஸ்ட்ரெட்ச் ஒரு விதத்தில் கை கொடுக்கிறது. கீறிய இடத்தில் காவி இல்லை, வெற்றுப் பாறை நிறம். இழுத்த படத்தில் அந்த வெட்டு மிகக் கூர்மையாகத் தெரியும். அளவுகோலை வைத்து இமேஜ்ஜேயில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று சொல்லிவிட்டால், காவி இருக்கும் பரப்பு எவ்வளவு, உரிந்துபோன பரப்பு எவ்வளவு என்று சதுர சென்டிமீட்டரிலேயே அளந்து தரும். இது வெறும் புள்ளிவிவர ஆசை இல்லை. அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டு தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனையின் கடுமையே சேதத்தின் மதிப்பையும் சீரமைப்புச் செலவையும் பொறுத்துத்தான் அமைகிறது. "ஓவியம் பாழாகிவிட்டது" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதற்கும், அளவோடு படம் வைத்துக் கொடுப்பதற்கும் எந்த விசாரணையிலும் வித்தியாசம் உண்டு.

இந்த மென்பொருள் வந்ததால் நின்றுபோன ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மங்கிய ஓவியத்தைப் படம் எடுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரத்தில் நிறம் கொஞ்ச நேரம் தூக்கலாகத் தெரியும். காய்ந்ததும் பாறைக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும், அடுத்து வருபவர் இன்னும் அதிகம் தெளிக்க வேண்டும். செதுக்கல்களின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு இழுப்பதும் வழக்கமாக இருந்தது. இதைச் செய்தவர்களில் ஆய்வாளர்களும் உண்டு. சேதம் செய்பவர்கள் எல்லாம் கெட்ட எண்ணத்தோடு வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2016இல் நார்வேயின் த்ரோ தீவில், ஏறத்தாழ 5,000 ஆண்டு பழைய பனிச்சறுக்கு மனிதனின் செதுக்கலை இரண்டு சிறுவர்கள், நன்றாகத் தெரியட்டும் என்று, பழைய கோட்டின் மேலேயே கீறிவிட்டார்கள். பிரான்ஸில் புருனிக்கேல் அருகே மேரியேர் குகையில் நவீனக் கிறுக்கல்களைச் சுத்தம் செய்யப் போன சாரண இளைஞர்கள், பழங்காலக் காட்டெருமை ஓவியங்களையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள். 1992இல் அதற்கு, நோபலைக் கேலி செய்து தரும் இக் நோபல் பரிசைக் கொடுத்து உலகமே சிரித்தது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் கையில் பிரஷ் கொடுப்பதற்கு முன் யாராவது அந்தச் சுவரை ஒழுங்காகப் படம் எடுத்துப் பார்த்திருக்கலாம். அன்று டீஸ்ட்ரெட்ச் இல்லை. இன்று இருக்கிறது, ஆகவே பார்க்காமல் தேய்ப்பதற்கு இனிமேல் சாக்கு கிடையாது.

எல்லாக் கிறுக்கலும் அழிக்க வேண்டியதும் இல்லை. பிரான்ஸின் நியோ குகையில் 1660ஆம் ஆண்டு என்று தேதியிட்ட ஒரு பெயர் இருக்கிறது. ரூஃபின்யாக் குகையின் மாமூத் யானைகளின் மேல் நூற்றாண்டுகளுக்கு முன்பு வந்தவர்கள் மெழுகுவத்திப் புகையால் எழுதிய பெயர்கள் இருக்கின்றன. 1956இல் அந்த ஓவியங்கள் போலி என்று சிலர் கிளப்பியபோது, ஓவியத்தின் மேல் பழைய பெயர் எழுதியிருப்பதே ஓவியம் அதற்கும் முந்தையது என்பதற்கு ஆதாரமாகப் பேசப்பட்டது. எது எதன் மேல் இருக்கிறது என்ற அடுக்கு வரிசையைப் பார்க்க டீஸ்ட்ரெட்ச் உதவும். அந்த வரிசையை எழுதி வைக்காமல் எதையும் நீக்கக் கூடாது என்பது எங்கள் குழுவில் கட்டாய விதி.

கைபேசிச் செயலியாகவும் இது கிடைக்கிறது. வேலைக்கு நான் மடிக்கணினியைத்தான் நம்புகிறேன். ஆனால் களத்தில் மனிதர்களிடம் பேச கைபேசிதான் உதவுகிறது. ஒரு பாறை ஒதுக்கில் நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கல்லூரிப் பையன்கள் சிலர் வந்தார்கள். ஒருவன் கையில் கரித்துண்டு. ஓவியம் இருக்கும் பக்கம் அவன் போகவே இல்லை, காலியாக இருந்த பக்கச் சுவருக்குத்தான் போனான். திட்டவில்லை, "தம்பி, இங்கே வந்து இதைப் பாருங்க" என்று கூப்பிட்டு, கைபேசியை அந்தச் சுவருக்கு நேரே பிடித்துக் காட்டினேன். திரையில் சிவப்பாக ஐந்து விரல், ஒரு கை அச்சு. அவன் தன் கையை அதற்கு நேராக, தொடாமல், காற்றில் வைத்துப் பார்த்தான். பிறகு, "அண்ணே, இது இங்கேயே இருக்கா?" என்று கேட்டான். கரித்துண்டு கீழே போய்விட்டது. நண்பர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டியவனும் அவனேதான். காலியாகத் தெரியும் பாறையில்தான் பெரும்பாலும் பெயர் எழுதுகிறார்கள். காலி இல்லை என்று காட்ட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அதே செயலியால் ஒரு தொல்லையும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மங்கிய ஓவியத்தைக் கண்டுபிடித்து, பளபளப்பான படமாக்கி, இடக்குறிப்போடு சமூக வலைத்தளத்தில் போட்டுவிடலாம். காவலோ வேலியோ இல்லாத இடத்துக்கு அடுத்த வாரமே கூட்டம் வரும். படத்தைப் பகிருங்கள், இடத்தைப் பகிராதீர்கள். கைபேசிப் படத்தின் கோப்புக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.

குறைகள் என்றால், இடைமுகம் பழைய காலத்தது. ஒரு சின்ன ஜன்னல் நிறைய மூன்றெழுத்துப் பொத்தான்கள், எது எதற்கு என்று புதியவருக்குப் புரியாது. ஒரு வாரம் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தால்தான் கை பழகும். அடுத்தது ஜேபெக் பிரச்சினை. ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சப்படுத்த நிறத் தகவலைத்தான் முதலில் குறைக்கும். டீஸ்ட்ரெட்ச் பெரிதாக்குவதும் அதே நிறத் தகவலை. விளைவு, படம் முழுக்கச் சதுரம் சதுரமான கட்டங்கள், அந்தக் கட்டங்களுக்குள் பாறையில் இல்லவே இல்லாத கோடுகள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைப் போட்டுவிட்டு "ஓவியம் தெரியுது" என்று அனுப்புகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள், நிழலில் எடுங்கள். பாசி, இரும்புக் கறை, மழைநீர் வழிந்த தடம் எல்லாம்கூட இழுத்தால் சிவப்பாக மாறலாம். உருவம் தேடும் கண்ணுக்கு அதில் யானையும் தெரியும், தேரும் தெரியும். இது மென்பொருளின் பிழை இல்லை, ஆனால் மென்பொருள் அந்த ஆசைக்கு நிறைய தீனி போடுகிறது.

பழைய படங்களிலும் இது வேலை செய்யும் என்பதைச் சொல்லியாக வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த ஸ்லைடுகளை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து போட்டுப் பாருங்கள். கிறுக்கலுக்கு முன்பு அந்தப் பாறையில் என்ன இருந்தது என்பதற்குப் பல இடங்களில் வேறு சாட்சியே கிடையாது. நான் சொன்ன மான் வரிசைக்கு அப்படி ஒரு ஸ்லைடு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டில் கிடைத்தது. எனாமல் மூடிய இடத்தில் இன்னொரு மான் இருந்தது அதில்தான் தெரிந்தது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் குறைத்தது அந்த இடைமுகத்துக்காக. பாறை ஓவியம் உள்ள இடத்தைப் பார்த்துக்கொள்ளும் எந்தக் குழுவிலும் ஒருவராவது இதைக் கற்றுக்கொள்ள வேண்டும், வல்லுநர் வந்து சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்க வேண்டும். இழுத்த படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். கூடவே மூலப் படம் இருக்கட்டும், அதில் நிற அளவுகோல் தெரியட்டும், எந்த நிறவெளி, எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கணக்கிட்டீர்கள் என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். இவை இல்லாமல் வரும் சேத அறிக்கைகளை எங்கள் குழு இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறது.